அம்மாவுக்கு வாழ்த்து அட்டை: உள்ளே என்ன எழுதுவது?

கேள்வி இதுதான்: “அம்மாவின் பிறந்தநாளுக்கு வாழ்த்து அட்டை வாங்கிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் ‘அன்பின் சிகரமே’ என்று ஒரு வரி வருகிறது, அதற்கு மேல் நகரவில்லை. மனதில் நிறைய இருக்கிறது, தாளில் வரமாட்டேன் என்கிறது. எப்படி எழுதுவது?”

உங்களுக்கு எழுத வராது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்த முதல் வரிதான் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. ‘அன்பின் சிகரம்’, ‘தியாகத்தின் திருவுருவம்’, ‘நடமாடும் தெய்வம்’ எல்லாம் தாய்மை என்ற பொதுப் பொருளுக்காக ஆன சொற்கள். பள்ளிக் கட்டுரையிலும் மேடைப் பேச்சிலும் புழங்கிப் புழங்கி வழவழத்துப் போனவை. அவற்றில் கால் வைத்தால் அடுத்த பொதுச் சொல்லுக்குத்தான் வழுக்கிக்கொண்டு போகும். உங்கள் வீட்டு அம்மாவிடம் வந்து சேராது. அந்த வரியை அடித்துவிடுங்கள். அதற்குப் பதிலாக இன்னொரு நல்ல வரியைத் தேடவும் வேண்டாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இன்று உலகம் கொண்டாடும் அன்னையர் தினத்துக்கு அமெரிக்காவில் வித்திட்டவர் அன்னா ஜார்விஸ். 1905-ல் தன் தாய் இறந்தபின், 1908 மே 10 அன்று அவர் நினைவாக முதல் நிகழ்ச்சியை ஏற்பாடு செய்தார். 1914-ல் அதிபர் உட்ரோ வில்சன் மே மாதத்து இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையை அந்த நாளாக அறிவித்தார். ஆங்கிலப் பெயர் ‘அன்னையின் தினம்’ என்று ஒருமையில்தான் இருக்க வேண்டும் என்பதில் ஜார்விஸ் பிடிவாதமாக இருந்தார். அவரவர் தன் தாயை நினைக்கட்டும், ஒட்டுமொத்தத் தாய்க்குலத்தையும் போற்ற வேண்டாம் என்பது அவர் கணக்கு. பின்னாளில் அச்சடித்த அட்டைகளின் வியாபாரத்தைக் கண்டு கொதித்து, தான் தொடங்கிய நாளையே எதிர்த்தார். தமிழில் அது ‘அன்னையர் தினம்’ என்று பன்மையாகிவிட்டது. அட்டை எழுதும் அந்த அரை மணி நேரமாவது ஒருமையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஒருமைக்கு எப்படி வருவது? அட்டையைத் தள்ளி வையுங்கள். ஒரு வெற்றுத்தாளில் பத்து நிமிடம், அம்மாவைப் பற்றி நினைவுக்கு வருவதை எல்லாம் துண்டு துண்டாகக் குறியுங்கள். வாக்கியம் வேண்டாம், அழகு வேண்டாம். ஒரே ஒரு கட்டுப்பாடு: கண்ணால் பார்த்ததாக, காதால் கேட்டதாக இருக்க வேண்டும். ‘பாசமானவள்’ என்பது செல்லாது. ‘காய்ச்சல் பார்க்கப் புறங்கையை நெற்றியில் வைப்பாள்’ செல்லும். ‘பொறுமைசாலி’ செல்லாது. ‘போனை வைக்கிறேன் என்று சொன்னபிறகு இன்னும் பத்து நிமிடம் பேசுவாள்’ செல்லும்.

பத்து நிமிடத்தில் ஓடவில்லை என்றால் இந்த இடங்களில் துழாவிப் பாருங்கள். அவர் அடிக்கடி சொல்லும் ஒரு வாக்கியம். கோபத்தில் சொல்வதானாலும் பரவாயில்லை. அவர் கை எப்போதும் செய்துகொண்டிருக்கும் ஒரு வேலை. வீட்டில் வேறு யாரும் தொடக்கூடாத அவருடைய ஒரு பொருள். நீங்கள் தூங்கிவிட்டதாக நினைத்து அவர் செய்த ஒன்று. அவரிடமிருந்து உங்களுக்கு வந்து ஒட்டிக்கொண்ட ஒரு பழக்கம். அவர் விழுந்து விழுந்து சிரித்த ஒரு சமயம். இந்தக் கடைசியை யாரும் தேடுவதே இல்லை. அம்மாவைப் பற்றி எழுதினாலே கண்ணீர் கசிய வேண்டும் என்று நமக்குள் ஒரு தீர்மானம் இருக்கிறது. சிரிக்க வைக்கும் அட்டையைத்தான் அம்மாக்கள் எடுத்து எடுத்துப் படிப்பார்கள்.

பன்னிரண்டு, பதினைந்து குறிப்பு சேர்ந்ததும் ஒன்றை மட்டும் எடுங்கள். இரண்டை எடுக்க ஆசையாக இருக்கும். எடுத்தால் இரண்டும் அரைகுறையாக நிற்கும். எதை எடுப்பது என்பதற்கு ஒரு வழி: நீங்கள் கவனித்திருப்பீர்கள் என்று அம்மாவுக்கே தெரியாத ஒன்று இருந்தால் அதுதான். பள்ளிக்கூடம் அனுப்பியதும் படிக்க வைத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும் என்று அவருக்குத் தெரியும். நீங்கள் ஊர்ப் பயணம் கிளம்பும்போது வாசலில் கையசைத்துவிட்டு உள்ளே போவதுபோல் போய், ஜன்னல் வழியாகத் தெருமுனை வரை பார்த்துக்கொண்டிருந்தது உங்களுக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது.

இனி ஒரு குறிப்பு வாழ்த்தாக மாறுவதைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். வழக்கமாக வருவது இது:

“அன்பின் சிகரமே! பத்து மாதம் சுமந்து பெற்று, கண் விழித்துக் காத்து என்னை ஆளாக்கிய தெய்வமே! உன் அன்புக்கு ஈடு இணை இவ்வுலகில் இல்லை. இனிய பிறந்தநாள் நல்வாழ்த்துகள்!”

இதில் ‘கண் விழித்து’ என்ற இரண்டு சொல்லில் மட்டும் ஏதோ இருக்கிறது. அதைப் பிடித்துக் கேள்வி கேட்க வேண்டும். எப்போது கண் விழித்தார்? பரீட்சைக்குப் படித்த ராத்திரிகளில். கண் விழித்து என்ன செய்தார்? பக்கத்தில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்தார். எல்லா ராத்திரியுமா? ஆமாம். வீட்டில் அவ்வளவு சட்டை இருந்ததா? இந்த நான்காவது கேள்வியில்தான் கதவு திறக்கிறது. இருந்திருக்காது. துணைக்கு உட்கார ஒரு சாக்குத்தான் அந்தப் பொத்தான்கள். இப்போது எழுதலாம்:

“அம்மா,
பரீட்சைக்கு நான் படித்த ராத்திரிகளில் நீ பக்கத்தில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருப்பாய். பொத்தான் அறுந்த சட்டை அத்தனை நம் வீட்டில் இருந்திருக்க முடியாது என்பது இப்போதுதான் உறைக்கிறது. எனக்குத் துணைக்குத்தான் உட்கார்ந்திருக்கிறாய். இன்றும் ராத்திரியில் வேலை பார்த்தால் பக்கத்து நாற்காலியை ஒரு தரம் பார்த்துக்கொள்கிறேன். அடுத்த மாதம் நான்கு நாள் வருகிறேன். ஊசியில் நூல் கோத்துத் தருவது என் வேலை.”

சுமார் 45 சொல். ‘அன்பு’ என்ற சொல் இல்லை, ‘நன்றி’ இல்லை, ஆச்சரியக்குறி ஒன்றுகூட இல்லை. கட்டமைப்பைக் கவனியுங்கள்: நடந்தது ஒரு வாக்கியம், இப்போது புரிந்தது இரண்டு வாக்கியம், அது இன்றும் உங்களிடம் இருப்பதற்கு அடையாளமாக ஒரு வாக்கியம், முன்னே பார்த்து இரண்டு வாக்கியம். ‘பிறந்தநாள் வாழ்த்துகள்’ அட்டையின் முகப்பில் அச்சாகியே இருக்கும். உள்ளே மறுபடி எழுதினால் இடம்தான் வீண்.

கடைசி வாக்கியத்தில் ஒன்று: செய்யப்போவதை மட்டும் எழுதுங்கள். ‘இனி தினமும் பேசுவேன்’ என்று எழுதிவிட்டு மூன்றாம் நாள் பேசாவிட்டால் அந்த அட்டையே எதிர்சாட்சி ஆகிவிடும். உறுதி சொல்ல முடியாதபோது ஒரு கேள்வியோடு முடிக்கலாம்: ‘அந்தத் தையல் பெட்டி இன்னும் இருக்கிறதா?’ பதில் சொல்ல அவரே கூப்பிடுவார்.

‘நன்றி’ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழ் வீடுகளில் பெரும்பாலும் அம்மாவுக்கு நன்றி சொல்லும் பழக்கம் இல்லை. அதனால் அட்டையில் திடீரென்று ‘நன்றி அம்மா’ என்றால் வெளியாளிடம் பேசுவதுபோல் விறைப்பாக ஒலிக்கும். உங்கள் வீட்டில் வாய்விட்டு நன்றி சொல்லிக்கொள்வீர்கள் என்றால் தாராளமாக எழுதுங்கள். இல்லையென்றால், எதற்கு நன்றியோ அந்தச் செயலைச் சொன்னால் போதும். நன்றி தானாகப் போய்ச் சேரும். ‘நான் உங்களை நேசிக்கிறேன்’ என்பதும் இதே கதைதான். வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. ‘உன் ஞாபகமாகவே இருக்கிறது’, ‘உன் குரலைக் கேட்டால்தான் சரியாகிறது’, ‘நீ பக்கத்தில் இருந்தால் தூக்கம் வருகிறது’ என்றுதான் நம் வாய் பேசும்.

‘தியாகம்’ என்ற சொல்லை நான் எடுத்துவிடச் சொல்வேன். ‘எனக்காக உன் வாழ்க்கையையே தியாகம் செய்தாய்’ என்பது எழுதுகிறவருக்கு உயர்வான பாராட்டாகத் தோன்றும். படிக்கிற அம்மாவுக்கு அது ‘உன் வாழ்க்கை வீணாகப் போனது, அதற்குக் காரணம் நான்’ என்றும் கேட்கலாம். பல அம்மாக்கள் தங்கள் வாழ்க்கையை அப்படி நினைப்பதும் இல்லை. அவருக்குக் கணக்கு நன்றாக வரும், வண்டி ஓட்டத் தைரியம் உண்டு, ஆளை ஒரு பார்வையில் எடை போட்டுவிடுவார் என்று அவரை ஒரு ஆளாகப் பார்த்து எழுதும் ஒரு வரிக்கு எத்தனை தியாகத் திருவுருவமும் ஈடாகாது. ‘பட்ட கடன் தீராது’ வகையறாவும் இதே பெட்டிதான்.

அடுத்தது நீயா, நீங்களா. தமிழில் அம்மா அட்டை கெட்டுப்போகும் முக்கியமான இடம் இது. வீட்டில் ‘நீ வாம்மா’ என்று கூப்பிடுகிறவர், பேனாவை எடுத்ததும் ‘தாங்கள்’ என்று தொடங்குவார். படிக்கிறவருக்கு மகனோ மகளோ எழுதியதாகவே படாது. வாயில் ‘நீ’ என்றால் தாளிலும் ‘நீ’. வாயில் ‘நீங்க’ என்றால் தாளில் ‘நீங்கள்’ அல்லது ‘நீங்க’. பேச்சுத் தமிழில் எழுதலாமா என்றால் எழுதலாம், முழுக்க அப்படியே எழுத வேண்டும். ‘நீங்கள் எனக்காக எவ்வளவு கஷ்டப்பட்டீங்க’ என்று பாதியில் மாறினால் இரண்டு பேர் சேர்ந்து எழுதியதுபோல் இருக்கும். எழுத்துத் தமிழில் நின்றுகொண்டு, வாக்கியத்தை மட்டும் பேசுவதுபோல் சின்னதாக வைப்பது பெரும்பாலோருக்குச் சுலபம். அம்மாவின் வாயில் வருவதை மட்டும் அவர் பேசியபடியே மேற்கோளில் போடுங்கள்: ‘போய்ச் சேந்துட்டியா?’ என்று நீ கேட்பதற்காகவே ரயில் இறங்கியதும் போனை எடுக்கிறேன். அந்த ஒரு மேற்கோளில் அவர் குரல் வந்துவிடும்.

கையெழுத்திடும் இடத்தில் ‘இப்படிக்கு’ வேண்டாம், அது விண்ணப்பத்துக்கு. வீட்டில் உங்களைக் கூப்பிடும் பெயர் எதுவோ அதைப் போடுங்கள், அது எவ்வளவு அசட்டுத்தனமாக இருந்தாலும். ஓரத்தில் தேதி, கட்டாயம் வருடத்தோடு. இந்த அட்டைகள் அலமாரியில் வருடக்கணக்கில் கிடக்கும்; பின்னால் எடுத்துப் பார்க்கும்போது எந்த வருடம் என்பதுதான் முதல் கேள்வி.

வாக்கிய அளவில் இரண்டு பொறிகள். ஒன்று இறந்தகாலம். ‘நீ எவ்வளவு அன்பானவளாக இருந்தாய், எங்களை எப்படிப் பார்த்துக்கொண்டாய்’ என்று அடுக்கிக்கொண்டே போனால் இரங்கல் உரையாகிவிடும். பழைய சம்பவம் இறந்தகாலத்தில் இருக்கட்டும்; கடைசி இரண்டு வாக்கியமாவது இன்றைக்கும் நாளைக்கும் வர வேண்டும். மற்றொன்று ‘ஆனால்’. ‘நமக்குள் எவ்வளவோ சண்டை வந்திருக்கிறது, ஆனால்…’ என்று தொடங்கினால் படிக்கிறவர் மனம் சண்டையிலேயே நின்றுவிடும். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருந்தால் எதற்கு என்று ஒரே வாக்கியத்தில், காரணம் சொல்லாமல் கேளுங்கள். பிறந்தநாள் அட்டையில் அதற்கு மேல் இடமில்லை. மீதியை நேரில் பேசுங்கள்.

எல்லா வீட்டிலும் அம்மாவோடு சுமுகம் இருக்காது. அங்கே நீளமாக எழுதுவது பொய்யில்தான் போய் முடியும். ‘எப்போதும்’, ‘ஒவ்வொரு கணமும்’, ‘எல்லாவற்றிலும்’ போன்ற சொற்களை விட்டுவிடுங்கள். அவை உண்மையல்ல என்று இரண்டு பேருக்கும் தெரியும். உண்மையான ஒரு சின்ன விஷயம் இருந்தால் அது போதும்: ‘நீ அட்டை போட்டுக் கொடுத்த நோட்டுப் புத்தகங்கள் மாதிரி இன்றுவரை எனக்குப் போட வரவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.’ இரண்டே வாக்கியம். கசப்பும் இல்லை, நடிப்பும் இல்லை.

வளர்த்த சித்திக்கோ பெரியம்மாவுக்கோ எழுதும்போது ‘அம்மா மாதிரி’ என்று எழுதுவார்கள். பாராட்டுத்தான், என்றாலும் அந்த ‘மாதிரி’ ஒரு அடி தள்ளி நிறுத்துகிறது. அவர் செய்ததைச் சொல்லுங்கள், ஒப்பீடு தேவையே இல்லை. மாமியாருக்கு எழுதும்போதும் அப்படித்தான்; உங்கள் அம்மாவை அந்த அட்டைக்குள் கொண்டுவராதீர்கள். உடம்பு முடியாமல் இருக்கும் அம்மாவுக்கு ‘சீக்கிரம் எல்லாம் சரியாகிவிடும்’ என்று எழுதுவதைவிட, அவர் படுத்திருக்கும் நாட்களில் நடந்த ஒரு வேடிக்கையை எழுதினால் கொஞ்சம் இதமாக இருக்கும். அண்ணன் தம்பி அக்கா தங்கை சேர்ந்து ஒரே அட்டை கொடுப்பதானால் ஒருவரே எல்லாருக்கும் சேர்த்து எழுதிவிடாமல், ஆளுக்கு இரண்டு வரி அவரவர் கையெழுத்தில். குழந்தை எழுதினால் பிழை திருத்தாதீர்கள்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, அல்லது கண் சரியாகத் தெரியவில்லை என்றால் யாரோ ஒருவர் வாசித்துக் காட்டுவார். அந்த மூன்றாவது ஆளின் வாயில் வரக்கூடாததை எழுத வேண்டாம். வாக்கியம் ஆறேழு சொல்லுக்கு மேல் போகாமல் இருந்தால் கேட்கச் சுகமாக இருக்கும். பார்வை மங்கியவருக்கு எழுத்தின் உயரம் 6 மில்லிமீட்டருக்குக் குறையாமல், வெள்ளையில் கறுப்பாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் எழுதுங்கள். வண்ணப் பேனாவும் மினுக்கும் பேனாவும் இங்கே உதவாது.

இனி தாளும் பேனாவும். நல்ல வாசகத்தைக் கடைசி ஐந்து நிமிடத்தில் கெடுப்பது இவைதான். தமிழ்ச் சொற்கள் நீளம். மேலே ‘கி’யின் வளைவு, கீழே ‘கு’வின் சுழி என்று எழுத்து இரண்டு பக்கமும் நீளும். ஆகவே வரிக்கு வரி 9 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். 5-க்கு 7 அங்குல அட்டையில் நாலு பக்கமும் சுமார் 12 மில்லிமீட்டர் ஓரம் விட்டால் ஒரு பக்கத்தில் 16 வரி, வரிக்கு நாலு சொல், ஆக 60 சொல்வரை கொள்ளும். ஏ6 அளவு அட்டை, அதாவது 105-க்கு 148 மில்லிமீட்டர் என்றால் 35 முதல் 40 சொல்தான். அதற்கு மேல் திணித்தால் கடைசி வரிகள் எறும்பு ஊர்ந்ததுபோல் ஆகும். வாசகத்தை வேறு தாளில் எழுதி, சொல்லை எண்ணிவிட்டு அட்டைக்குப் போங்கள். இடம் போதாதென்றால் எழுத்தைச் சுருக்காமல் வாசகத்தைச் சுருக்குங்கள்; வெட்டும்போது முதலில் போக வேண்டியவை ‘மிகவும்’, ‘என்றென்றும்’, ‘உண்மையிலேயே’.

உள்பக்கம் வழவழப்பாக இருந்தால் ஜெல் பேனா மையை அது உறிஞ்சாது. விரல் பட்டதும் இழுவும். அட்டையின் பின்பக்க மூலையில் ஒரு கோடு போட்டு, பத்து விநாடி கழித்துத் தேய்த்துப் பாருங்கள். இழுவினால் பால்பாயிண்ட் பேனா எடுங்கள். இடது கையால் எழுதுகிறவர்கள் ஜெல்லைத் தொடவே வேண்டாம். எழுதிய வரி மேலேயே கை நகரும். கெட்டி அட்டைக்கு அடியில் கோடு போட்ட தாளை வைத்தால் தெரியாது. பென்சிலால் மிக மெல்லிசாகக் கோடு போட்டு எழுதி, அரை மணி நேரம் மை காய்ந்தபிறகு அழியுங்கள். கையெழுத்தில் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு இன்னும் நல்ல உபாயம்: அட்டையைவிட ஒரு சென்டிமீட்டர் சின்னதாக வெட்டிய சாதாரணத் தாளில், அடியில் கோட்டுத் தாளை வைத்து எழுதி, மேல் விளிம்பில் மட்டும் பசை தடவி உள்ளே ஒட்டிவிடலாம். பிழையானால் வேறு தாள், அட்டை கெடாது. திரவப் பசை தாளைச் சுருக்கும், குச்சிப் பசையே நல்லது.

வரி முடியும் இடத்தில் சொல் உடைந்தால் தமிழில் இணைப்புக்கோடு தேவையில்லை, ஆனால் அடுத்த வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கக் கூடாது. பிழைகளில் அடிக்கடி வருபவை மூன்று. ‘முயற்சி’, ‘பயிற்சி’ இரண்டிலும் ற்-க்குப் பிறகு இன்னொரு மெய் வராது. ‘மகிழ்ச்சி’யைப் பார்த்து ‘முயற்ச்சி’ என்று எழுதிவிடுகிறோம். ‘வாழ்த்துகள்’, ‘வாழ்த்துக்கள்’ இரண்டும் புழக்கத்தில் இருந்தாலும் இலக்கணம் பார்ப்பவர்கள் ஒற்றில்லாத முதல் வடிவத்தையே சொல்கிறார்கள். ‘நன்றி’க்குப் பன்மை வேண்டாம். அம்மா தமிழாசிரியையாக இருந்தால் ‘உன்னைப் பார்க்க’, ‘எனக்குத் தெரியும்’ என்று ஒற்றுகளையும் ஒரு தரம் சரிபாருங்கள். சிவப்பு மையில் திருத்தித் திரும்பி வரும் ஆபத்து உண்டு.

முதல் பிரதியை இரண்டு நாள் முன்னதாக எழுதிவைத்து, மறுநாள் காலையில் வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு எங்கே தடுக்குகிறதோ, எங்கே உங்களுக்கே கூச்சமாக இருக்கிறதோ, அங்கே இன்னும் ஒரு மேடைச் சொல் ஒளிந்திருக்கிறது. தொண்டை அடைக்கிற இடத்தை மட்டும் தொடாதீர்கள்.

தபாலில் அனுப்பினால் ஒரு வாரம் முன்னால் அனுப்புங்கள். நேரில் கொடுத்தால், கொடுத்துவிட்டு வேறு வேலையாக எழுந்து போய்விடுங்கள். எதிரே நின்று முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவரால் படிக்க முடியாது. ‘எதுக்கு இதெல்லாம்?’ என்று கேட்பார். பதில் சொல்ல வேண்டாம்.